முதலில் எதை எடுக்கட்டும்?

கம்ப்யூட்டருக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தது ஆனந்தவல்லி. பழி விழுந்தது மகள் பிரகதீஸ்வரியின் தலையில். அந்த வீட்டில் இது ஒன்றும் புதிதில்லை. பால் பொங்கி வழிந்தாலும் சரி, பம்புசெட்டில் கரண்ட் போனாலும் சரி, சிங்கப்பூரில் இருக்கிற மகன் மதிவாணனுக்குச் சளி பிடித்தாலும் சரி, சுற்றி வளைத்து ஈஸ்வரியிடம்தான் வந்து நிற்கும்.

ஆயுத பூஜை அன்றைக்குக் காலையிலேயே ஈஸ்வரி மண்வெட்டி, அரிவாள், மருந்தடிக்கிற மெஷின் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிக் கூடத்தில் வரிசையாக வைத்திருந்தாள். வயலுக்கும் கீழ்வேளூர் கடைத்தெருவுக்கும் அவளைச் சுமந்து திரிகிற பழைய மொபெட்டைக்கூட வாசலில் பளபளவென்று துடைத்து நிறுத்தியிருந்தாள். சம்பா நடவு முடித்த கை, நகக்கண்ணில் இன்னும் சேறு போகவில்லை. அம்மா சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். வந்தவள் மண்வெட்டியைத் தாண்டினாள், அரிவாளைத் தாண்டினாள், நேரே கூடத்து மூலைக்குப் போய்விட்டாள்.

அங்கேதான் கம்ப்யூட்டர் இருந்தது. மதி தஞ்சாவூரில் இன்ஜினியரிங் படித்தபோது அப்பாவை நச்சரித்து வாங்கியது. அவன் சிங்கப்பூர் போய் வருஷக்கணக்காகிறது. ஆனாலும் அம்மா அதற்குப் பூப்போட்ட துண்டு போர்த்தி, தினமும் தூசி தட்டி, மாப்பிள்ளை மாதிரி வைத்திருந்தாள். துண்டை விலக்கினாள். பெட்டியின் நெற்றியில் விபூதிப்பட்டை, நடுவில் குங்குமம், திரையின் நான்கு மூலையிலும் சந்தனம், மேலே சாமந்தி மாலை. பிறகு மாவிலையைச் சொம்பில் முக்கி மஞ்சள் தண்ணீரைத் தெளித்தாள். முன்பக்கம் தெளித்தாள். காற்றுப் போக ஓட்டை ஓட்டையாக இருக்கிற பின்பக்கத்தில் இன்னும் இரண்டு கை தாராளமாகத் தெளித்தாள். கிண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்த மிச்சச் சந்தனம்தான் ஈஸ்வரியின் சாமான்களுக்கு வந்தது. மொபெட்டுக்கு அதுவும் இல்லை.

"ஏம்மா, இந்த வீட்டுக்குச் சோறு போடுறது மண்வெட்டியா, அந்தப் பொட்டியா?" என்றாள் ஈஸ்வரி.

"தம்பி கை பட்ட பொருளுடி அது. வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு."

பூஜையில் வைத்ததை அன்று தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி, நல்ல நேரம் பார்த்து அம்மா சுவிட்சைப் போட்டாள். உள்ளே காற்றாடி ஒருமுறை உறுமியது. கீ, கீ, கீ என்று கத்தியது. திரை கரிச்சட்டியாக இருந்தது. அப்புறம் கருகல் நாற்றம் ஒன்று மெல்ல வந்து, எல்லாம் அடங்கிவிட்டது.

"என்னடி பண்ணுன?" என்றாள் அம்மா, அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த ஈஸ்வரியைப் பார்த்து.

ஈஸ்வரிக்கு வந்த ஆத்திரத்துக்குத் தோசைக்கரண்டியோடு அப்படியே வயலுக்குப் போய்விடலாம் போலிருந்தது. ஆனால் அவளுக்கும் பயம்தான். அம்மா பயந்தது வேறு காரணத்துக்கு. அந்தப் பெட்டிக்குள் 'மதி' என்று ஒரு தனி இடம் இருந்தது. மதியின் கல்யாண வீடியோ, மதியின் பிள்ளைகள், மதி டூர் போய்ப் பனியில் நின்ற படம், மதி பிளேட்டில் நண்டு வைத்துக்கொண்டு சிரித்த படம். சாப்பாடு ஆனதும் அம்மா அதைத் திறந்து உட்கார்ந்தால் சாயங்கால விளக்கு வைக்கிறவரை எழுந்திருக்க மாட்டாள். அப்படித் திறந்து பார்க்கச் சொல்லிக்கொடுத்ததே ஈஸ்வரிதான். தன் கண்ணைத் தானே குத்திக்கொண்ட கதை.

ஈஸ்வரி பயந்தது ஒரே ஒரு வீடியோவுக்கு. முகப்பில், குப்பைக்கூடைப் படத்துக்குப் பக்கத்தில், பெயர்கூட வைக்காமல் கிடந்தது அது. ஒரு நிமிஷம்கூட ஓடாது. கொரோனா வருஷத்துச் சம்பா அறுவடையில் அவள் போனில் எடுத்தது. அப்பா பஞ்சநதம் தலையில் துண்டோடு வரப்பில் நிற்கிறார். பின்னால் அறுவடை மெஷின் ஓடுகிறது. நெல் வியாபாரியின் ஆள், "என்ன மாமா, கதிரு இப்படிப் புடிச்சிருக்கு, என்ன உரம் போட்டீங்க?" என்கிறான். அப்பா சொல்கிறார்: "என்னைக் கேட்டா? நான் வயல்ல கால வச்சே ஆறு மாசம் ஆவுது. இது எம்பொண்ணு போட்ட வெள்ளாம. அவளக் கேளு."

அவ்வளவுதான். புருஷனோடு ஒத்துவராமல் திரும்பி வந்து, ஊர் வாய்க்கெல்லாம் பதில் சொல்லி, அப்பாவின் முட்டி தேய்ந்துபோன பிறகு வயலைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டவளுக்கு, வாழ்க்கையில் கிடைத்த ஒரே சொல் அது. "மதி இருந்தா" என்று ஆரம்பிக்காமல் அப்பா அவளைப் பற்றிப் பேசிய ஒரே சமயம். அந்த வருஷமே ஆனி மாதம் அப்பா போய்விட்டார். அந்தப் போனும் வாய்க்கால் சேற்றில் விழுந்து செத்தது. கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தாயிற்றே, பேங்க் லாக்கரில் இருக்கிற மாதிரிதானே என்று இருந்துவிட்டாள். அம்மாவோடு சண்டை வருகிற நாளெல்லாம், அம்மா தூங்கினதும் அதைப் போட்டு ஒரு தடவை கேட்டுக்கொள்வாள். மருந்து குடிக்கிற மாதிரி.

பெட்டியைத் துண்டில் சுற்றி, மொபெட்டில் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள். அம்மா தெருமுனைவரை கூடவே வந்தாள்.

"குலுக்காமப் போடி. பள்ளத்துல விட்டுடாத."

ஈஸ்வரிக்குத் தெரிந்து, அவள் நாத்து கட்டுக்கட்டாக வைத்துக்கொண்டு வழுக்குகிற வரப்பில் வண்டி ஓட்டியபோது அம்மா ஒருநாளும் தெருமுனைக்கு வந்ததில்லை.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ணுகிற ஜெக்கரியாவின் கடையில் ஏற்கெனவே இரண்டு பெட்டிகள் வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தன. ஜெக்கரியா வாயில் மிக்சரை அரைத்துக்கொண்டே ஈஸ்வரியின் பெட்டியைக் கழற்றினான். பார்த்தான். சிரிப்பை அடக்கமுடியாமல் மிக்சர் தெறித்தது.

"என்னக்கா, கம்ப்யூட்டருக்கு அபிஷேகமா? தேங்கா மட்டும்தான் உடைக்கல போல."

"எங்கம்மா."

"வருசா வருசம் ஆயுத பூஜைக்கு மறுநாள் எனக்கு இதான்க்கா வேல. எல்லா வீட்டுலயும் ஒரு அம்மா இருக்காங்க."

சந்தனம் காய்ந்து பச்சைத் தகட்டில் அப்பிக்கிடந்தது. தகடு போச்சு, அதைப் பற்றிப் பேசிப் பிரயோஜனமில்லை என்றான். ஆனால் படமும் வீடியோவும் இருக்கிறது தகட்டில் இல்லை, இதோ இந்த டிஸ்க்கில் என்று செங்கல் மாதிரி ஒன்றைக் கழற்றி எடுத்தான். அதைத் தன் கம்ப்யூட்டரோடு ஒரு ஒயரில் மாட்டினான். காதை அதன்மேல் வைத்துக் கேட்டான். அவன் முகத்தில் சிரிப்பு போயிற்று.

"டிக் டிக்னு சத்தம் கேக்குதாக்கா? தட்டுது. ஏற்கெனவே வயசான டிஸ்க்கு, இப்ப கரண்டும் தாறுமாறாப் பாஞ்சிருக்கு. எவ்ளோ நேரம் தாங்கும்னு என்னால சொல்ல முடியாது. எல்லாத்தையும் ஒட்டுக்க எடுக்கப் பாத்தா நடுவுல படுத்துடும். ரெண்டு இடத்துல இருக்கு. முகப்புல கொஞ்சம் கெடக்கு, 'மதி'னு ஒண்ணு பெருசா இருக்கு. முதல்ல எதை எடுக்கட்டும்?"

அந்தச் சமயம் பார்த்து அம்மா போன் பண்ணினாள்.

"தம்பியோடது வந்துடுச்சா?"

"பாத்துக்கிட்டிருக்காங்கம்மா. எல்லாம் வருமான்னு தெரியல."

"எல்லாம் எதுக்கு? தம்பியோடது வந்தாப் போதும். மத்த குப்பையெல்லாம் போனாப் போவுது. கேக்குதா? தம்பியோடது மட்டும்."

போன் வைத்தாயிற்று. ஜெக்கரியா மவுஸ் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தான். டிஸ்க் டிக் டிக்கென்றது.

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து மூடி மறைக்க என்ன இருக்கிறது? சின்ன வயதில் அவனுக்கு முட்டை, இவளுக்கு முட்டை பொரித்த சட்டியில் பிசைந்த சோறு. அவனுக்குத் தஞ்சாவூர் காலேஜ், இவளுக்குப் பன்னிரண்டாவதோடு ஜாதகம். இப்போது அவன் இல்லாமலே அவனுக்கு மாலை, சந்தனம். பக்கத்திலேயே இருந்து மூட்டுவலித் தைலம் தேய்க்கிறவளுடையது குப்பை. ஈஸ்வரிக்கு நெஞ்சு காந்தியது. தப்பு என்று தெரிந்தேதான் சொன்னாள்.

"முகப்புல இருக்கறத எடுங்க."

"பெருசு நிக்கட்டுமாக்கா?"

"நிக்கட்டும்."

பச்சைக்கோடு ஒன்று திரையில் ஊர்ந்தது. ஊர்ந்து, நின்று, மறுபடி ஊர்ந்தது. ஈஸ்வரி மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். கோடு கடைசிவரை போய் மறைந்ததும் ஜெக்கரியா வீடியோவைத் தட்டினான். மெஷின் சத்தம், அப்பாவின் துண்டு. "போதும், போதும், நிறுத்துங்க" என்றாள். அந்தக் கடையில் வைத்து அதைக் கேட்க அவளுக்கு மனசில்லை. நேரே தன் போனில் ஏற்றித் தரச் சொன்னாள்.

அப்புறம் ஜெக்கரியா 'மதி'க்குப் போனான். நாலு படம் வந்தது. டிஸ்க் கர்ரென்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. ஜெக்கரியா கழற்றி மாட்டினான், திருப்பி வைத்துப் பார்த்தான், ஒயரை மாற்றினான். உதட்டைப் பிதுக்கினான். வந்த நாலு படத்தில் மூன்று ஏர்போர்ட்டில் வைத்திருந்த சூட்கேஸ்.

சத்தியமாகச் சொன்னால், கடையிலிருந்து வெளியே வந்த முதல் ஐந்து நிமிஷம் ஈஸ்வரிக்குக் குளிர்ந்துதான் இருந்தது. போடா, நீயும் ஒரு தடவை பின்னால் நின்று பார். ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே நிற்கும்போதுதான், அம்மா சாயங்காலம் எங்கே போய் உட்காருவாள் என்ற நினைப்பு வந்தது. குளிர்ந்தது அப்படியே புளித்தது.

வீட்டில் அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். சொன்னதும் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"தம்பியோடது முதல்லயே கெட்டுப் போயிருந்துச்சாம்மா" என்று ஈஸ்வரி கூசாமல் ஒரு பொய் சொன்னாள்.

"என் கண்ணே போன மாதிரி இருக்குடி" என்று அம்மா அழுதாள். செத்த வீட்டு அழுகை. பக்கத்து வீட்டு வேம்பு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். ஈஸ்வரி குற்றவாளியாகச் சோற்றுத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றாள். கடைசியில் அழுகையோடு அழுகையாக அம்மா சிங்கப்பூருக்கு வீடியோ கால் போட்டாள்.

மதி எல்லாவற்றையும் கேட்டான். பிறகு சிரித்தான்.

"இதுக்கா அழுவுற? அது எல்லாமே எங்கிட்ட இருக்கும்மா. எல்லாத்தையும் நெட்டுல ஏத்தி வச்சிருக்கேன். இந்தா, உன் போனுக்கே அனுப்புறேன், பாத்துக்க."

போனை வைத்த கையோடு அம்மாவின் போன் டிங், டிங், டிங் என்று ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. பனி வந்தது, நண்டு வந்தது, கல்யாணம் துண்டு துண்டாக வந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தச் சோத்தைக் கொண்டாடி இப்படி" என்றாள். ரசம் ஊற்றி இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

ஈஸ்வரிக்கு அடுப்பில் போட்ட மிளகாய் மாதிரி நெடி ஏறியது. மதியால் தோற்கக்கூடத் தெரியவில்லை! இவள் பாவம் பண்ணினாள், பொய் சொன்னாள், ரயில்வே கேட்டில் நின்று புழுங்கினாள். அவனுக்கு ஒரு நண்டுகூடக் குறையவில்லை. படுபாவி, பாவம் பண்ணினாலும் பலிக்காத ஜாதகம் என்னுது என்று தன்னையே திட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து வீடியோவைப் போட்டாள்.

"…இது எம்பொண்ணு போட்ட வெள்ளாம. அவளக் கேளு." அப்பா போன் பக்கம் திரும்பினார். "என்னத்தப் புடிச்சிக்கிட்டு நிக்கிற? போ, ஆளுங்களுக்கு டீ வாங்கிட்டு வா."

உள்ளே தட்டு விழுகிற சத்தம் கேட்டது. அம்மா எச்சில் கையோடு ஓடிவந்தாள்.

"யாருடி அது? யாரு பேசுனது?"

ஈஸ்வரி போனைத் திருப்பிக் காட்டினாள். அம்மா இடதுகையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னாள். டீ வாங்கப் போகச் சொன்ன இடத்தில் அழுதுகொண்டே சிரித்தாள்.

"மனுசன் கோவத்தப் பாரேன். ஏண்டி, இத இத்தன நாளு எங்க வச்சிருந்த?"

"அந்தப் பொட்டியிலதான். குப்பையில."

அம்மாவுக்கு அது உறைக்கவில்லை. மூன்றாவது தடவையும் பார்த்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "ஒடனே தம்பிக்கு அனுப்புடி."

"மாட்டேன்."

"என்னது?"

"அனுப்ப மாட்டேன்மா. அவனுக்குத்தான் எல்லாம் இருக்கே. எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு. இதையும் அவனுக்குப் பங்கு வைக்கணுமா? கேட்டுக்க, கடையில முதல்ல எதை எடுக்கறதுன்னு கேட்டாங்க. நான்தான் என்னோடத எடுக்கச் சொன்னேன். அவனோடது போனா போவட்டும்னுதான் சொன்னேன். எனக்கு வயிறு எரியுதும்மா. ஒரு நாளா ரெண்டு நாளா, பொறந்ததுலேருந்து எரியுது!"

அம்மாவின் கையில் ரசச்சோறு காய்ந்துகொண்டிருந்தது. திட்டுவாள் என்று ஈஸ்வரி எதிர்பார்த்தாள். அம்மா திட்டவில்லை. தொட்டித் தண்ணீரில் மெல்லக் கையைக் கழுவினாள்.

"அவனோட படத்த ஏண்டி பாக்குறேன்? அவன் இங்க இல்ல, பாக்குறேன். நீ இருக்க. உன்ன எதுக்குப் படத்துல பாக்கணும்?"

இது ஆறுதலா, இன்னொரு குத்தா என்று ஈஸ்வரிக்கு விளங்கவில்லை. அம்மாவே தொடர்ந்தாள்.

"அனுப்பலேன்னா போ. ஆனா அவன் அப்பா மொகத்தக்கூட முழுசாப் பாக்கலடி. பிளேன் இல்ல அப்ப. கொள்ளி வச்சதையே போன்லதான் பாத்தான்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஈஸ்வரி கல்லிலேயே உட்கார்ந்திருந்தாள். பரிதாபப்பட்டு அவள் அனுப்பவில்லை, யாரும் அப்படி நினைத்து அவளைப் பெரிய மனுஷி ஆக்கிவிட வேண்டாம். அவளுக்கு வேறொன்று தோன்றியது. அவன் கேட்கட்டும். 'எம்பொண்ணு' என்று அப்பா சொல்வதை அவன் காதால் கேட்கட்டும். வயல்ல கால வச்சது யாருன்னு தெரியட்டும். அவனுக்கும் ஒரு நாள் எரியட்டும். அப்படி நினைத்துத்தான் மதியின் பெயரைத் தட்டி வீடியோவை அனுப்பினாள்.

இரண்டு நீலக் கோடு வந்தது. பார்த்துவிட்டான். பதில் இல்லை. கோழி ஒன்று அவள் காலடியில் வந்து கிளறிவிட்டுப் போனது. பதில் இல்லை. அப்புறம் போன் அடித்தது. வீடியோ இல்லை, வெறும் கால்.

"அக்கா" என்றான் மதி. மூச்சு மட்டும் இழுத்து இழுத்து விடுகிறது கேட்டது. வேலை செய்கிற இடத்தில் எங்கேயோ படிக்கட்டில் நிற்கிறான் போல, அவன் மூச்சே எதிரொலித்தது.

"என்னடா?"

"அப்பா குரல் எனக்கு மறந்தே போச்சுக்கா. எங்கிட்ட ஆயிரம் போட்டோ இருக்கு. குரல் ஒண்ணுகூட இல்ல, கல்யாண வீடியோ பூராவும் சினிமாப் பாட்டுதான் ஓடுது. போன்ல பேசுனத எவன் ரெக்கார்ட் பண்ணுவான்?"

ஈஸ்வரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நீ கொடுத்து வச்சவக்கா. கடைசி வரைக்கும் கூட இருந்துட்ட." மறுபடி மூச்சிழுத்தான். "அக்கா… நீ போன ஆஃப் பண்ணதுக்கு அப்புறம், அன்னைக்கு, அப்பா என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?"

அன்றைக்கு முழுக்க அப்பா மதியின் பெயரையே எடுக்கவில்லை. டீ குடித்தார், நெல்லைக் கையில் அள்ளி ஊதிப் பார்த்தார், அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வீட்டுக்கு வந்து படுத்தார். மதி என்ற சொல்லே அந்த நாளில் கிடையாது. அந்த நாளின் ருசியே அதுதான். அதை அப்படியே சொல்லிவிடலாம். 'இல்லடா, ஒண்ணும் சொல்லல.' மூன்று வார்த்தை. பிறந்ததிலிருந்து எரிந்ததற்கெல்லாம் கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது.

அவன் காத்துக்கொண்டிருந்தான். முட்டை தின்றவன், காலேஜ் போனவன், ஆயிரம் போட்டோ வைத்திருப்பவன், படிக்கட்டில் நின்றுகொண்டு ஒரு சொல்லுக்கு அவளிடம் கையேந்தினான்.

"சொன்னாருடா" என்றாள் ஈஸ்வரி. "சொல்லாம இருப்பாரா? மதி வந்தா இந்த வயலக் காட்டணும்னு சொன்னாரு. ரெண்டு தடவ சொன்னாரு."

மதி ஓவென்று அழுதுவிட்டான். அவனைச் சமாதானம் பண்ணி, மூஞ்சியைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போகச் சொல்லி, பிள்ளைகளை விசாரித்து, போனை வைத்தாள். திரும்பினால் கதவுநிலையில் அம்மா.

"நெசமாவாடி? அவரு அப்படிச் சொன்னாரா?"

"ஆமாம்மா."

அம்மாவின் முகம் காலையிலிருந்து இல்லாத மாதிரி மலர்ந்தது. "எனக்குத் தெரியுமே! அவன நெனைக்காம அவருக்கு ஒரு நாளு போயிருக்குமா?" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். வேம்புவைக் கூப்பிட்டு அதைச் சொல்கிற சத்தம் சுவர் தாண்டிக் கேட்டது.

ஈஸ்வரி போனை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். சாயங்காலத்துக்குள் மடையைத் திறந்துவிட வேண்டும், ஆத்தில் தண்ணீர் வந்திருந்தது.

"இருந்தது ஒரே ஒரு நாளு" என்றாள் கோழியிடம். "அதுலயும் பாதி வாங்கிட்டான் படவா."